பெட்டிக்காரரின் கொப்பி

சுவிஸ் என்றதும் மலை, பால்கட்டி, மணிக்கூடு என்று அடுக்குகிறவர்கள் எண்பதுகளில் ஷ்லீரன் என்ற ஊரில் குடியிருந்தவர்கள் இல்லை. எங்களைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் அதிகமாக உற்பத்தியான பொருள் பெட்டிக்காரரின் கோபம். காலையில் பாண் காய்ந்திருக்கிறது என்று தொடங்குவார். மாலையில் ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது என்று முடிப்பார். "ஒரு நாளாவது பிந்தி வந்தால்தானே, ஒரு மனிசன் ஓட்டுறான் எண்டு நம்பலாம்!" என்பார்.

நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவனுக்கு சூரிச்சுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கோடு மட்டும்தான் பழக்கம் கிடைத்தது. பெட்டிக்காரர் அந்த இல்லத்தின் இரண்டாம் மாடியில் இருந்தார். வயது எண்பதை நெருங்கியிருக்கும். அவர் பேசியது யித்திஷும் ஜெர்மனும் கலந்த ஒன்று. நான் பேசியது ஜெர்மனும் பயமும் கலந்த ஒன்று. இரண்டும் எப்படிச் சந்தித்தன என்று இன்றைக்கும் தெரியாது. இத்தனை வருடம் கழித்து நினைத்தால், என் தலைக்குள் அவர் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் திட்டுகிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

யித்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. காதுக்கு ஜெர்மன் மாதிரி இருக்கும், எழுத்து ஹீப்ரு எழுத்து. அந்த மொழியில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட குழுக்களில் நம்மவர் வசனம் எடுத்துக் கொடுப்பவராக இருந்தார். மேடையின் முன்விளிம்பில் ஒரு சின்னப் பெட்டி இருக்குமாம். சனத்துக்கு அதன் முதுகுதான் தெரியும். அதற்குள் கொப்பியோடு குந்தியிருந்து, நடிகன் விழிக்கும் நேரத்தில் அடுத்த சொல்லை மெல்லிய குரலில் கொடுக்க வேண்டும். அவருடைய அப்பாவும் பெட்டிக்காரர்தான். "ராசா, ராணி, பிச்சைக்காரன், பிசாசு எல்லாருக்கும் வாய் நான். கைதட்டு மட்டும் அவங்களுக்கு! ஒருத்தனாவது குனிஞ்சு இந்தப் பெட்டியைப் பாத்து நன்றி எண்டு சொன்னவனோ?" என்று கேட்பார். அந்தக் கோபத்துக்கு வயது ஐம்பது. அப்போதுதான் சுட்ட பாண் மாதிரி அதைச் சூடாக வைத்திருந்தார்.

பெட்டி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சாப்பாட்டு அறையில் யாராவது ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் போதும், மேசைக்குக் கீழிருந்து வருவதுபோல் ஒரு குரல் அந்தச் சொல்லைக் கொடுக்கும். கணவனும் மனைவியும் சண்டை பிடித்தால் இரண்டு பேருக்கும் வசனம் எடுத்துக் கொடுப்பார். கிழமைக்கு ஒரு தரம் ஒரு பாதிரியார் ஜெபம் சொல்ல வருவார். யூதரான இவர் முதல் வரிசையில் போய் இருப்பார். ஏனென்று கேட்டதற்கு, "இந்தக் கட்டடத்தில நடக்கிற நாடகம் இது ஒண்டுதானே!" என்றார். பாதிரியார் உருக்கமாக ஒரு நிமிடம் நிறுத்தினால் இவர், "ஆமென்... ஆமென்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பார். பாவம், அந்தப் பாதிரியார் கடைசியில் மூச்சு விடாமல் ஜெபம் சொல்லப் பழகிவிட்டார்.

என்னை அவர் பிடித்தது பாத்திரம் கழுவும் இடத்தில். நாங்கள் சில தமிழ்ப் பெடியன்கள் சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு நாடகம் போடுவதாக இருந்தோம். எழுதியவன் என் அறை நண்பன் சிவம், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. நாடகத்தின் பெயர் 'கதவு திறவாத ராசா'. பஞ்சகாலத்தில் அந்நியர் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஒரு ராசா கோட்டைக் கதவை மூடுகிறான். அவனுடைய சொந்தத் தம்பியே கந்தலோடு வந்து வெளியே நிற்கிறான். கடைசியில் ராசா அவனை அடையாளம் கண்டு கதவைத் திறக்கச் சொல்லும் நீண்ட வசனத்தோடு நாடகம் முடியும். ராசா நான். உயரத்துக்காகத்தான் எடுத்தார்கள், ஞாபகசக்திக்காக இல்லை.

கழுவிக்கொண்டே அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். "திறவுங்கள் கதவை!" என்பது வரை கம்பீரமாக வரும். அதற்குப் பிறகு தலைக்குள் சவர்க்கார நுரைதான். நாலாவது நாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, சாப்பாடு கொடுக்கும் சாளரத்துக்கு வெளியேயிருந்து ஒரு கடும் கோபக் குரல், "உள்ளே இருந்தவன்தான்..." என்றது. தமிழில்! கையிலிருந்த அண்டாவை விட்டுவிட்டேன். எட்டிப் பார்த்தால் பெட்டிக்காரர். மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு, அர்த்தம் தெரியாமல், ஒலியை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்.

"மூண்டு நாளாய் அதே இடம்! வெக்கமில்லையோ? எங்க உன்ர பெட்டிக்காரன்?" என்றார்.

"எங்களுக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை ஐயா."

"பெட்டிக்காரன் இல்லாமல் நாடகமோ? அடேய் நெட்டை, அது நாடகமில்லை, விபத்து!"

அன்றைக்கே தன்னைத் தானே நியமித்துக்கொண்டார். நாங்கள் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்த இரண்டு கிழமை என் ஓய்வு நேரமெல்லாம் அவருடைய அறையில் கழிந்தது. சிவத்தின் பிரதியை நான் வாசிக்க, அவர் ஒரு தடித்த கொப்பியில் எழுதினார். தமிழ் வசனம் முழுவதையும் ஹீப்ரு எழுத்தில், வலமிருந்து இடமாக. முதல் நாள் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து தொடங்கியதைக் கண்ட சிவம் பதறிவிட்டான்.

"மச்சான், மனிசன் என்ர நாடகத்தை முடிவிலயிருந்து எழுதுறார்! முதல் காட்சியிலயே கதவு திறக்கப்போகுது!"

"நீங்கள்தான் பின்பக்கத்தால தொடங்குறியள்!" என்று பெட்டிக்காரர் திருப்பிப் பாய்ந்தார். தமிழில் ஒரு ஒலிக்கு இத்தனை லகரம் எதற்கு என்று எங்கள் முன்னோர் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார். ஆனால் ஒரு ஒலியையும் விடவில்லை. நான் அவசரமாக வாசித்தால் கொப்பியை மூடிவிடுவார். "பெட்டிக்காரன் விடுற பிழையை ராசா சொல்லுவான். சனம் ராசாவைத்தான் சிரிக்கும். அது பாவம்."

ஒத்திகை ஞாயிறு பகல்களில் எங்கள் அறையில் நடந்தது. கட்டில்களை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிடுவோம். பெட்டி இல்லாமல் வாயே திறக்கமாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால், இல்லத்துக்குப் புதிய குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப்பெட்டியை நான் ரயிலில் கொண்டுவந்து பாதியாக வெட்டிக் கொடுத்தேன். ரயிலில் வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து சட்டம் போட்டார். வசனம் மறந்தால் கீழே பார்க்கக் கூடாது. குதிகாலால் பலகையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். பெட்டியிலிருந்து சொல் வரும். "தட்டுறதுக்கு முந்தியே நான் மூச்சு எடுத்திருப்பன். எவன் எந்த இடத்தில மறப்பான் எண்டு தெரியாதவன் என்ன பெட்டிக்காரன்?"

நான் தட்டிய தட்டில் கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை முறைப்பாடு செய்தார்.

இடைவேளையில் கதை சொல்வார். கதையும் கோபமாகத்தான் வரும். அவர்களுடைய நாடகம் முதலில் கலியாண வீடுகளில் பகிடி விட்டுச் சிரிக்க வைத்தவர்களிடமும், பூரிம் என்ற பண்டிகையில் வேடம் கட்டிய பெடியன்களிடமும் இருந்ததாம். பிறகு ருமேனியாவில் ஒரு மதுக்கடைத் தோட்டத்தில் சரியான மேடை பிடித்ததாம். மதப் பெரியவர்கள் கூத்தாடிகள் என்று துப்பினார்களாம். படித்தவர்கள் இந்தக் கொச்சை மொழியில் நாடகமா என்று மூக்கைச் சுளித்தார்களாம். வந்தது யார்? தையல்காரப் பெண்கள், மூட்டை சுமப்பவர்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்திருந்து, அழுது, மேடையில் நிற்பவனுக்குப் புத்தியும் சொல்வார்களாம். அவருடைய தங்கை நியூயோர்க்குக்குப் போய் அங்கே கோரஸில் பாடியிருக்கிறாள். "அங்க ஒரு தெரு முழுக்க எங்கட தியேட்டர்! அமெரிக்கன் நடிக்கப் பழகினது எங்களிட்ட, பகிடி விடப் பழகினதும் எங்களிட்ட! இப்ப தொலைக்காட்சியில அவன்ர பகிடியாம்!" என்று மட்டைப்பெட்டியில் குத்துவார். பெட்டியின் ஒரு பக்கம் அப்படித்தான் கிழிந்தது.

இந்த நேரத்தில்தான் மண்டபக் கடிதம் வந்தது. தெருமுனையில் இருந்த ஒரு பொது மண்டபத்தை நாங்கள் கேட்டிருந்தோம். அதன் குழு நாகரிகமாகப் பதில் எழுதியிருந்தது. உங்கள் உணவு, உடை, நடனம் எல்லாவற்றையும் வரவேற்கிறோம். ஆனால் பேச்சுள்ள நிகழ்ச்சி என்றால், என்ன பேசப்படுகிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், ஆகவே அது ஜெர்மன் மொழியில் இருக்க வேண்டும். மண்டபப் பொறுப்பாளர் வந்து பார்ப்பார். மீறினால் இடையிலேயே நிறுத்தப்படும்.

சிவம் கடிதத்தைக் கசக்கினான். "எங்கட ரோல்ஸ் பலகாரத்தைத் தின்னலாமாம். நாங்கள் வாய் திறக்கப்படாதாம். நான் நாடகத்தை விடுறன்!"

எனக்கும் இரத்தம் கொதித்தது. வாய் பொத்தி வேலை செய்யும் ஆறு நாளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் சொந்த மொழியில் சத்தமாகப் பேச ஆசைப்பட்டோம். அதற்கும் காவலா? ஆனால் பெட்டிக்காரரைப் பார்த்தால், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோசமாக இருந்தார்.

"ஆகா! தடையோ? அப்ப இது உண்மையான தியேட்டர்தான்! அடேய், ரஷ்ய ராசாவே எங்கட மொழியில நாடகம் போடப்படாது எண்டு தடுத்தவன். என்ர அப்பா என்ன செய்தவர்? சுவரொட்டியில ஜெர்மன் நாடகம் எண்டு போட்டார். பொலிஸ்காரன் உள்ள வந்தால் பெட்டியில மூண்டு குத்து. உடன எல்லாரும் ஜெர்மன். அவன் போனாப் பிறகு எங்கட பாஷை."

"எங்களுக்கு ஜெர்மன் தெரியாதே ஐயா!"

"அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சதோ?"

ஆக, 'ஜெர்மன் நாடகம்' என்று எழுதிக் கொடுத்தோம். யோசித்துப் பாருங்கள், ரஷ்ய ராசாவை ஏமாற்றிய வித்தை ஷ்லீரனில் மறுபடி அரங்கேறியது. மூன்று குத்துக்கும் ஒத்திகை பார்த்தோம். ஆளுக்கு இருந்த ஜெர்மனைக் கூட்டிப் பார்த்தால் முப்பது சொல் தேறாது. சிவத்துக்குத் தொழிற்சாலைச் சொற்கள். ராணி வேடம் போட்ட தவம் அலுவலகங்கள் துடைப்பவன், அவனுக்கு ஈரத் தரை பற்றி மட்டும் தெரியும். எனக்குச் சமையலறையும், இந்த நாட்டில் தங்கக் கேட்ட பெர்மிட் விண்ணப்பமும்.

அப்படியொரு ஒத்திகையில் கதவு வசனத்தின்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவம் மீசையை எடுக்க மறுத்து முக்காட்டால் மூடியிருந்தான், அது வழுக்கி விழுந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். பெட்டிக்காரர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அதுவரை ஒத்திகை நடுவில் அவர் வெளியே வந்ததே இல்லை.

"ஹிட்லர்ர யுத்தத்தில எங்கட குழுவில மிஞ்சின ஏழு பேர் இந்த நாட்டு எல்லைக்கு வந்தனாங்கள். எனக்குக் கடும் காய்ச்சல். ஒருத்தி கிழவி. எங்கள் ரெண்டு பேரையும் உள்ள விட்டாங்கள். மற்ற அஞ்சு பேரையும் திருப்பி அனுப்பினாங்கள். பிறகு ஒருத்தரும் இல்லை. நடிச்சவனும் இல்லை, அழுதுகொண்டு பாத்தவனும் இல்லை." மூச்சு வாங்கினார். "நெட்டை, நீ எதை வேணுமெண்டாலும் மற. கதவைத் திறக்கிற வசனத்தை மறக்கப்படாது."

திரும்பவும் பெட்டிக்குள் போய் இருந்துவிட்டார். அன்றைக்குப் பிறகு அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நாடக நாள் பிற்பகல் மண்டபம் நிறைந்துவிட்டது. வின்டர்தூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பொறுப்பாளர் வாசலில் சாவிக்கொத்தோடு நின்றார், பிறகு வெளியே போனார். நாங்கள் தமிழில் தொடங்கினோம். எங்கள் சனம் சும்மா இருக்குமா? தம்பி வெளியே நின்று கதறும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், "டேய் ராசா, உனக்குக் கண் பொட்டையோ? உன்ர தம்பியடா!" என்று கத்தினார். மட்டைப்பெட்டி சந்தோசத்தில் குலுங்கியதை நான் கண்டேன்.

கடைசிக் காட்சி. நான் அரியணையிலிருந்து எழும்பி, கையை உயர்த்தி, வாயைத் திறக்கிறேன். பெட்டியில் மூன்று குத்து.

பெட்டிக்காரர் மட்டையின் கிழிசலால் கண்டுவிட்டார், பொறுப்பாளர் நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். தம்பியாக நடித்த சிவம் கோட்டைக்கு வெளியே நின்றபடி, "ஃபைராபென்ட்!" என்று அழுதான். வேலை முடிந்தது என்று அர்த்தம். ராணி என் காலில் விழுந்து, "போடன் நாஸ்! போடன் நாஸ்!" என்றாள், தரை ஈரமாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. "அவுஃப்பாஸ்ஸன்! ஹைஸ்!" என்று முழங்கினேன். கவனம், சுடும் என்று சூப்புச் சட்டி தூக்கும்போது சொல்வது. சனம் திகைத்துப் போய்ப் பார்த்தது. பொறுப்பாளர் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. கதவைத் திறக்க ஜெர்மனில் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே திறக்கிற சொல், இரண்டு வருடமாகத் தபால்பெட்டியில் நான் தேடிக்கொண்டிருந்த சொல். கதவைக் காட்டி, தம்பியைக் காட்டி, உள்ளம் நொந்து கத்தினேன்.

"பெவில்லிகுங்! பெவில்லிகுங்!"

அனுமதி என்று அர்த்தம். பெர்மிட் கடிதத்தில் வரும் சொல். மண்டபத்தில் அதை அறியாத தமிழர் ஒருவரும் இல்லை. கூரை பிய்ந்து போகிற மாதிரிக் கைதட்டல். சிலர் அழுதார்கள். பொறுப்பாளரும் என்ன விளங்கினாரோ, தலையாட்டிக்கொண்டு கடைசிக் கதிரையில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த ரோல்ஸைக் கடித்தார். அது உறைப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் தேடி வெளியே ஓடினார்.

இனித் தமிழ். குதிகாலைத் தூக்கினேன். தட்டவில்லை. வசனம் தானாக வந்தது. "திறவுங்கள் கதவை! உள்ளே இருந்தவன்தான் இத்தனை நாளும் சிறையில் இருந்தான். தம்பி, வா!" தொடங்கி முடிவு வரை ஒரு சொல் தவறாமல் சொன்னேன். தவம் முக்காட்டைப் பிடித்தபடி ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

திரை விழுந்ததும் பாராட்டை எதிர்பார்த்துப் பெட்டியடிக்கு ஓடினேன். மனிதர் முகம் சிவந்து போய் இருந்தார்.

"ஏன் தட்டேல்ல? ஒரு மாசமாய் அந்த இடத்துக்கு மூச்சுச் சேத்து வைச்சிருந்தனான்! நானேன் இந்த மட்டைக்குள்ள கிடக்கிறன்? கழுதை!"

கழுதையாம்! சரியாகச் சொன்னதற்கு! எனக்கு வந்த கோபத்தில், குனிந்து பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்ததை மறந்தே போனேன். பிறகும் சொல்லவில்லை. வின்டர்தூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். சிவத்தின் தமிழ்ப் பிரதி வீடு மாறியதில் தொலைந்தது.

இரண்டு குளிர்காலம் கழித்து இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. பெட்டிக்காரர் இறந்து அடக்கமும் முடிந்துவிட்டதாம். அவருடைய தங்கை மகள் நியூயோர்க்கிலிருந்து வந்திருப்பதாகவும், நான் வந்து பார்த்தால் நல்லது என்றும் சொன்னார்கள். போனேன். அந்தப் பெண் அவருடைய அறையில் கொப்பியை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். தாயிடம் யித்திஷ் வாசிக்கப் பழகியவள்.

"கடைசிக் காலத்தில் மாமாவுக்கு மூளை கலங்கிவிட்டது. இங்கே இருக்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். பாருங்கள், எழுத்து எங்கள் எழுத்து. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "தி... றவு... ங்கள்... கத... வை."

மூளை கலங்கியதாம்! எனக்கு நெருப்பு மாதிரிக் கோபம் வந்தது. எழும்பி நின்று, அவள் கையிலிருந்த வசனத்தை அவள் முன்னால் முழுதாகச் சொன்னேன். அவள் கொப்பியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். விரலும் என் குரலும் ஒன்றாகப் போய் ஒன்றாக நின்றன.

"அப்படியென்றால் அவர் பைத்தியம் இல்லையா?"

"பைத்தியம்தான் அம்மா. ஆனால் இந்தக் கொப்பியில் இல்லை," என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு ஓரங்களில் பென்சிலால் சின்னதாக யித்திஷில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னாள். 'மீசை ராணி இங்கே அவசரப்படும்.' 'நெட்டை இங்கே மறப்பான், முதலே மூச்சு எடு.' பக்கத்துக்குப் பக்கம் நெட்டைதான். கதவு வசனத்தின் அடியில் மட்டும் மையினால் எழுதியிருந்தது. நாடகம் முடிந்த பிறகு எழுதியது. 'நெட்டை மறக்கவில்லை. கதவு திறந்தது. ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள்.'

இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் மனிதருக்கு என்ன குறைந்திருக்கும்? கழுதை என்றல்லவா சொன்னார்! அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணே தந்துவிட்டுப் போனாள். எனக்கு அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்பன்றும் அதைக் கீழே தரையில் வைத்துவிட்டு, எழும்பி நின்று அந்த வசனத்தைத் தொடங்குகிறேன். "திறவுங்கள் கதவை!" என்றதும் வேண்டுமென்றே மறந்து, குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிக் கொஞ்சம் காத்து நிற்கிறேன். அவர் சேர்த்து வைத்த மூச்சு வீணாகப் போகக் கூடாது.